சின்னத்துக்குள் ஒரு சந்தையே இருக்கிறது

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் புதுச் சின்னம் என்று நேற்று வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பனை, யாழ், சூரியன், கப்பல், திறந்த புத்தகம், பந்து, குலுக்கும் கைகள். ஏழும் ஒரே வட்டத்துக்குள்! ரீசேட்டின் நெஞ்சில் இரண்டு அங்குலத்தில் தைத்தால் கறிக் கறை என்றுதான் சனம் நினைக்கும்.

எனக்குப் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் சின்னங்களில் ஒரு பைத்தியம் உண்டு. (ஓம், வேலையில்லாத வேலைதான்.) முன்பெல்லாம் கப்பலின் முகப்பில் மரச் சிற்பம் இருக்கும். திருகோணமலையின் பெயரோடு 1817இல் பம்பாயில் தேக்கில் கட்டிய கப்பலுக்குத் தலைப்பாகைக்காரர் ஒருவர். முகப்புச் சிற்பம் வழக்கொழிந்த பிறகு, கப்பலுக்குக் கப்பல் இஷ்டத்துக்கு ஏதாவது வரைந்துகொண்டார்கள். 1918இல்தான் குழு போட்டு ஒழுங்குபடுத்தினார்கள். லண்டன் கோபுரத்து ஆயுதசாலையைப் பார்த்துக்கொண்ட சார்ல்ஸ் ஃபோக்ஸ் பல சின்னங்களை வடிவமைத்தார். சுற்றிவரப் பொன்நிறக் கயிறு, மேலே கப்பலின் பின்புறமும் பாயும் மாறிமாறி வரும் கிரீடம். சுற்றுச் சட்டகத்தின் வடிவமே அந்தக் காலத்தில் கப்பலின் வகையைச் சொல்லிவிடும்: பெரிய போர்க்கப்பலுக்கு வட்டம், குரூசருக்கு ஐங்கோணம், நாசகாரிக்குக் கேடயம். உள்ளே பெரும்பாலும் ஒரேயொரு உருவம்.

ஆர்க் றோயல் என்ற விமானந்தாங்கிக்கு நோவாவின் பேழை. 'ஆர்க்' என்றாலே பேழைதான்; பெயரிலேயே சிலேடை, காளமேகம் கண்டிருந்தால் ரசித்திருப்பார். ஹூட் என்ற போர்க்கப்பலுக்கு நங்கூரத்தைப் பிடித்திருக்கும் காக்கை இனத்துப் பறவை, கூடவே 'சாதகமான காற்றுடன்' என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகம். 1941 மே மாதம் அது மூழ்கியபோது 1,400க்கு மேற்பட்டோரில் மூன்றே பேர்தான் தப்பினார்கள். சனியின் வாகனத்தைக் கொண்டுபோய் வைத்தால் வேறென்ன நடக்கும் என்று என் அம்மம்மா கேட்டிருப்பா.

வெள்ளைக்காரன் கதை வேண்டாமா? சரி, யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசில் ஒரு பக்கத்தைப் பாருங்கள். படுத்திருக்கும் நந்தி, 'சேது' என்று ஒரு சொல். முக்கியமாகக் கண்ணில் படுவது அவ்வளவுதான். ஒரு அரசுக்கே அது போதுமாக இருந்தது.

வரைந்த பொடியனில் பிழையில்லை. தலைவர் பனை கேட்டிருப்பார், பொருளாளர் புத்தகம் கேட்டிருப்பார், கனடாவிலிருந்து காசு அனுப்புகிறவர் கைகுலுக்கலைக் கேட்டிருப்பார். ஒருவர் மனமும் நோகக்கூடாது என்று அவன் எல்லாவற்றையும் போட்டுவிட்டான்.

என் வாக்கு கப்பலுக்கு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த அன்னபூரணியின் இரண்டு பாய்மரங்களை மட்டும் வரைந்து விடுங்கள். பந்தையும் எடுத்துவிடலாம். மைதானத்துக்கு எப்படியும் ஒன்று கொண்டுவருவீர்கள்தானே?