ஐந்து நடை எல்லாவற்றுக்கும் இல்லை

ஐஸ்லாந்துக் குதிரைகளைப் பற்றி வெளிவந்த ஒரு கட்டுரை, அவை எல்லாவற்றுக்கும் ஐந்து நடை (கால்களை எடுத்துவைத்துச் செல்லும் முறை) உண்டு என்று சொல்கிறது. பலவற்றுக்கு நான்குதான். ஒரு பக்கத்து இரு கால்களும் சேர்ந்து பாயும் ‘ஸ்கெய்த்’ நடைக்கு, டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஏற்பட்ட இயற்கையான மாற்றம் தாய், தந்தை இருவழியிலும் வந்திருக்க வேண்டும். இக்குதிரைகளின் இன்னொரு சிறப்பு நடையான ‘டோல்ட்’டில் காலடி வரிசை, மெதுவாக நடக்கும்போது உள்ளதே. ஒரு காலாவது எப்போதும் தரையில் இருப்பதால் குலுக்கல் இல்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு முக்கியமானது விட்டுப்போயிற்று: கோடை அரிப்பு. குலிகாய்டிஸ் எனும் சிறு கடி-ஈயின் கடி பழகாமல் ஐஸ்லாந்தில் வளர்ந்தவற்றில் பல, ஏற்றுமதியானதும் பிடரியையும் வாலடியையும் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். வெளிநாட்டில் பிறந்த குட்டிகளுக்கு இது குறைவு. அந்திக்கு முன் லாயத்தில் அடைத்து, ஈ புகாத முழுப்போர்வை போட வேண்டும். திருப்பி அனுப்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வெளியேறிய குதிரைக்கு ஐஸ்லாந்தில் மறு அனுமதி கிடையாது. பயன்படுத்திய சேணத்தைக்கூட உள்ளே விடமாட்டார்கள்.