பேப்பர் வேலையாம்

சிகிச்சை முறைகளை நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகளை, அதாவது ட்ரயல்களைப் பற்றி ஒரு பெரிய சர்ஜன் விழா மேடையில் பேசிய காணொளியை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். என் இன்பாக்ஸுக்கே பல பேர் அனுப்பிவிட்டீர்கள், நன்றி. "ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் நின்றோம், பேப்பர் வேலையை ட்ரயல் ஆபீஸ் பார்த்துக்கொண்டது" என்று அந்தப் பெரிய சர்ஜன் சொன்னதும் அரங்கமே சிரித்துக் கைதட்டுகிறது. முன்வரிசையில் இருந்த ட்ரயல் மேனேஜரும் கைதட்டுகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"உன்னைச் சொல்லவில்லையே, உனக்கேன் எரிகிறது?" என்பீர்கள். நானும் ஒரு பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சை ட்ரயல்களை நடத்துகிறவள்தான். இந்த வேலையிலேயே தலை நரைத்துவிட்டது. எரியத்தான் செய்யும்.

பேப்பர் வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எங்கள் ட்ரயல் ஒன்றில் வயிற்றைத் திறந்து பார்த்து, நோயாளி தகுதியானவர்தான் என்று உறுதியான பிறகே, எந்த ஆபரேஷன் முறை என்று சர்ஜன் தேர்ந்தெடுக்காமல் குலுக்கிப் போடவேண்டும். ஒரு நாள் குலுக்கல் போடும் இணையதளம் நின்றுபோனது. உள்ளே நோயாளி மயக்கத்தில். சர்ஜன் கையுறைக் கைகளை நெஞ்சோடு கோத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார். "எனக்குப் பழக்கமான முறையிலேயே செய்துவிடட்டுமா?" என்று நர்ஸிடம் கேட்டனுப்புகிறார். நான் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு, புள்ளியியல் பிரிவின் அவசர எண்ணைப் பிடித்து, நோயாளி எண்ணைச் சொல்லி, வந்த பதிலைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, கதவிடுக்கில் கத்தினேன். "உங்கள் இஷ்டம் டாக்டர்" என்று அன்று விட்டிருந்தால் அதற்குப் பெயர் குலுக்கல் இல்லை. அப்படி நாலு நோயாளி சேர்ந்தால் ட்ரயலே இல்லை.

யாருக்கு எந்தச் சிகிச்சை என்று தெரிந்தால் முடிவு ஒரு பக்கம் சாயும், அதனால் மறைக்கவேண்டும். மாத்திரை ட்ரயல் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாத்திரையைக் கொடுத்துவிடலாம். கத்தி வைத்ததை எப்படி மறைப்பது? 2002-இல் ஹூஸ்டனிலிருந்து வந்த முழங்கால் ஆபரேஷன் ஆய்வில் 180 பேர். மற்றவர்களுக்கு உண்மையான ஆபரேஷன், ஒரு பிரிவுக்குத் தோலில் கீறல் மட்டும்தான். சந்தேகம் வரக்கூடாதென்று, மூட்டைக் கழுவுகிற சத்தம் கேட்க உப்புநீரைத் தெளித்தார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் வலியில் வித்தியாசமே இல்லை. அந்த முடிவைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். யாருக்கு எது நடந்தது என்பது அத்தனை நாளும் கசியாமல் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

நான் செய்தது அதைவிடச் சின்ன வேலை. துளை போட்டு ஆபரேஷன் ஆனவர்களுக்கும் திறந்து ஆனவர்களுக்கும் ஒரே அளவில் பெரிய கட்டு. பரிசோதிக்க வருகிறவருக்கு எது என்று தெரியக்கூடாது. "ஐயா, என்ன ஆபரேஷன் என்று மட்டும் உள்ளே சொல்லிவிடாதீர்கள்" என்று ஒரு பெரியவரிடம் கெஞ்சினேன். நன்றாகத் தலையாட்டினார். உள்ளே போய் உட்காரும் முன்பே, "எனக்குத் துளை போட்டுத்தாம்மா செஞ்சாங்க!" அதையும் எழுதிவைத்தேன். ஆமாம், பேப்பரில்தான்.

"சர்ஜன் இல்லாமல் ட்ரயல் உண்டா?" இல்லை. உண்டென்று யார் சொன்னது? அடுத்தது.

"தேதி சரிபார்ப்பதெல்லாம் குமாஸ்தா வேலைதானே?" இதற்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் அறுவை ஆய்வுகளை நடத்திய கூட்டமைப்பில், 1990-இல், கனடாவின் மான்ட்ரியலிலிருந்து வந்த ஒரு நோயாளியின் ஆபரேஷன் குறிப்பு இரண்டு பிரதிகளாக இருந்தது. எல்லாம் ஒன்று, தேதி மட்டும் வேறு. கண்டுபிடித்தது தரவு பார்க்கிற அலுவலகம். அதைப் பிடித்து இழுத்ததில்தான் அங்கிருந்த மருத்துவர் தகுதியில்லாதவர்களைச் சேர்க்கப் பதிவுகளைத் திருத்தியிருந்தது வெளியே வந்தது. முழு மார்பகத்தையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா என்ற கேள்விக்கே அந்த ஆய்வுகளில் ஒன்றுதான் பதில் வைத்திருந்தது. அந்த மருத்துவமனையின் தரவுகளை நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் போட்டார்கள், முடிவு மாறவில்லை. மாறியிருந்தால்? தேதி பார்த்த குமாஸ்தாவுக்கு எந்த மேடையில் கைதட்டியிருப்பீர்கள்?

"ஆய்வுக் கட்டுரையில் நன்றி சொல்கிறார்களே" என்று ஒரு நண்பர். சொல்கிறார்கள், கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில். ஆசிரியராகப் பெயர் வர மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நாலு நிபந்தனை வைத்திருக்கிறது. தரவு சேகரிப்பில் கணிசமான பங்கு என்பது முதல் நிபந்தனைக்குள்ளேயே வருகிறது. வரைவை எழுதுவது அல்லது திருத்துவது இரண்டாவது. எங்களுக்கு வரைவையே அனுப்பமாட்டார்கள். அப்புறம், "நீங்கள் இரண்டாவது நிபந்தனையைப் பூர்த்தி செய்யவில்லையே" என்று வருத்தப்படுவார்கள். முதல் நிபந்தனைக்குத் தேறியவர்களுக்கு வரைவைப் பார்க்க வாய்ப்புத் தரவேண்டும் என்று அதே குழுதான் எழுதியிருக்கிறது. அந்த வரியை மட்டும் யாரும் படிப்பதில்லை.

பெயர் கிடக்கட்டும். ஆய்வு மானியம் முடிந்தால் எங்கள் வேலையும் முடிகிறது, அது தெரியுமா உங்களுக்கு? ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கிற ஃபாலோ-அப் ஐந்து வருஷம், ஒப்பந்தம் மூன்று வருஷம். மிச்சத்தை யார் பார்ப்பது என்று கேட்டால், "அடுத்த மானியத்தில் எழுதிப் பார்ப்போம்" என்பார்கள். அந்த அடுத்த மானியத்தின் விண்ணப்பத்தில் பாதியை எழுதுவதும் நான்தான்.

என்னிடம் வேலை கற்ற பெண் ஒருத்தி, ஒப்புதல் படிவத்தில் வார்த்தை புரியாமல் விழிக்கிற நோயாளியை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். போன மாதம் மருந்துக் கம்பெனிக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. பரிந்துரைக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன், எங்கள் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார்.