தூங்கவும் ஒரு இடம் வேண்டும்

நிவாரணப் பணியாளர்களின் மனநலம் பற்றி நீங்கள் வெளியிட்டது நல்ல கட்டுரை. ஆனால் கண்ணால் பார்த்த சாவும் இழப்பும்தான் அவர்களை உடைக்கிறது என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். படுத்த இடத்தையும் சேர்த்திருக்க வேண்டும்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் அடையாற்றங்கரையில், சைதாப்பேட்டைப் பக்கம் பத்து நாள் தன்னார்வலராக இருந்தேன். ராத்திரி ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கல். ஈரத் தரை, கொசு, கரன்ட் இல்லை, நாற்பது பேருக்கு இரண்டே கழிப்பறை. எங்களோடு வந்த பெண்கள் அதற்குப் பயந்தே சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நான்காம் நாள், பால் பாக்கெட்டுக்கு வரிசையில் நின்ற ஒரு பாட்டியிடம் எரிந்து விழுந்தேன். மூன்று ராத்திரி தூங்காத கோபம் அது. அந்த அம்மாவின் முகம் இன்னும் மறக்கவில்லை.

நானாவது உள்ளூர்க்காரன், பத்தாம் நாள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். வெளி மாவட்டங்களிலிருந்து சேறு அள்ள வந்த தூய்மைப் பணியாளர்கள் எங்கே போவார்கள்? 2023 மிக்ஜாம் புயலுக்கும் அவர்கள்தான் வந்தார்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணைக் கொடுப்பது சரி, அப்புறம் மனம் விட்டுப் பேச ஒரு தனி மூலை வேண்டாமா? காய்ந்த பாய், கொசுவலை, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, முழு ராத்திரித் தூக்கத்துக்கு ஷிப்ட் முறை. வெள்ள முன்னேற்பாட்டுக்குப் படகும் மோட்டாரும் எழுதும் அதே பட்டியலில் இவற்றையும் செப்டம்பரிலேயே, மழைக்கு முன்பே அதிகாரிகள் எழுதி வைக்கட்டும்.