மதுரை மல்லியின் புவிசார் குறியீடு எதுவரை செல்லும்?

மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு (ஒரு பொருளின் பெயரை அது விளையும் ஊருக்கே உரியதாகக் காக்கும் பதிவு) இருப்பதால், எந்த நாட்டிலும் வேறு பூவை அந்தப் பெயரில் விற்க முடியாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2013-இல் குறியீடு கிடைத்தது உண்மைதான், நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அந்தப் பதிவு இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மொட்டாக வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பினால், அங்கே பெயரைக் காப்பது அந்த நாட்டுச் சட்டம். அங்கே பதிவு வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் அந்தப் பதிவு தானாக வந்துவிடாது.

சந்தேகம் இருந்தால் 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை இணையத்தில் எடுத்து, முதல் பிரிவை மட்டும் படியுங்கள். ‘இந்தியா முழுவதற்கும்’ என்றுதான் எல்லை போட்டிருக்கிறது. அப்புறம், சிங்கப்பூரின் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டிலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.