செனட்டில் காலியான நாற்காலிகளும் ஹெய்ட்டியும்

அமெரிக்க வெளியுறவுக் கொள்கையைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும், இரண்டே நிமிடத்தில் "இதுல அமெரிக்காவுக்கு என்ன லாபம்?" என்ற கேள்வி வந்துவிடும். போன வாரம் நண்பர் வீட்டு மொட்டை மாடியிலும் அதுதான் நடந்தது. ஒருவர் எண்ணெய் என்றார், இன்னொருவர் ஆயுத வியாபாரம் என்றார். எனக்கு அந்தக் கேள்வியிலேயே ஓர் உறுத்தல். எந்த அமெரிக்காவுக்கு? வடக்கே பாஸ்டன் கப்பல் வியாபாரிக்கு லாபமாகத் தெரிந்தது தெற்கே சார்ல்ஸ்டன் பண்ணையாருக்குக் கிலியைக் கிளப்பிய காலம் ஒன்று உண்டு. அதைச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் பஜ்ஜி வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

இரண்டு தேதிக் கணக்குகளில் தொடங்கலாம்.

கரீபியன் கடலில் உள்ள ஹெய்ட்டி 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தது. அடிமைகளாக இருந்தவர்கள் 1791இல் தொடங்கிய கிளர்ச்சி அது; பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து நாடானது. அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய ஆட்சியை உதறிய முதல் நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்றால், இரண்டாவது இது. மூத்தவர் இளையவரை நாடு என்று ஒப்புக்கொண்டது 1862 ஜூனில். 58 ஆண்டு.

டெக்சாஸ் 1836 மார்ச் 2 அன்று மெக்சிகோவிலிருந்து பிரிந்துவிட்டதாக அறிவித்தது. அமெரிக்கா அதை அங்கீகரித்தது 1837 மார்ச் 3 அன்று. ஓராண்டும் ஒரு நாளும்.

மெக்சிகோ அடிமை முறையை ஒழிக்கும் ஆணையை 1829இலேயே பிறப்பித்திருந்தது. புதிய டெக்சாஸோ தன் அரசியல் சாசனத்திலேயே அடிமை முறைக்குப் பாதுகாப்பு எழுதி வைத்துக்கொண்டது. ஹெய்ட்டிக்கும் டெக்சாஸுக்கும் கிடைத்த மரியாதையில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் "அமெரிக்கா எப்போதும் இனவெறி நாடு, அவ்வளவுதான்" என்று இதை முடித்துவிடவும் முடியாது. ஏனென்றால் 1799இல் கதையே வேறு.

அப்போது அதிபர் ஜான் ஆடம்ஸ், மாசசூசெட்ஸ்காரர். அதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளில் பிரெஞ்சுக் கப்பல்கள் 300க்கும் மேற்பட்ட அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடித்திருந்தன. பிரகடனம் செய்யாமலே பிரான்ஸோடு கடலில் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. பிரான்ஸோடும் அதன் குடியேற்றங்களோடும் வணிகத்தை நிறுத்தியாயிற்று. அதில் அடிபட்டவர்கள் வடகிழக்கின் வணிகர்கள். கருவாடும் மாவும் மரப்பலகையும் ஏற்றிக்கொண்டு போய், காப்பியும் சர்க்கரையும் வாங்கி வருகிறவர்கள் அவர்கள். ஹெய்ட்டி அன்று இன்னும் பிரெஞ்சுக் குடியேற்றம்தான், பெயர் சான் டொமிங். ஆனால் அங்கே நிஜமான அதிகாரம் டூசான் லூவெர்ச்சூர் கையில். பிறப்பில் அடிமை, இப்போது தளபதி. 1799இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து, டூசானின் பகுதியோடு மட்டும் வணிகத்தைத் திறந்துவிட அதிபருக்கு அதிகாரம் கொடுத்தது. 'டூசான் பிரிவு' என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. 1800இல் அமெரிக்கப் போர்க்கப்பல் 'ஜெனரல் கிரீன்' ஜாக்மெல் துறைமுகத்துக்கே போய், டூசானின் எதிரியான ரிகோவின் ஆட்கள் மீது பீரங்கி சுட்டது. அடிமை முறை உள்ள ஒரு நாட்டின் கடற்படை, முன்னாள் அடிமைகளின் தளபதிக்காக! வடகிழக்கின் வியாபாரமும் பிரான்ஸோடு நடந்த சண்டையும் ஒரே திசையில் இழுத்ததால் நடந்தது இது. ஆடம்ஸ் மகாத்மா என்பதால் அல்ல.

1800 தேர்தலில் வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் 73க்கு 65 என்ற தேர்வாளர் வாக்குகளில் ஆடம்ஸைத் தோற்கடித்தார். அடிமைகளுக்கு வாக்கு கிடையாது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கில் ஐந்து அடிமைகளை மூன்று பேராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அரசியல் சாசனம் சொன்னது. அந்தக் கணக்கால் தெற்கு மாநிலங்களுக்குக் காங்கிரஸில் கூடுதல் இடங்கள், அதிபர் தேர்தலில் கூடுதல் தேர்வாளர் வாக்குகள். அந்தக் கூடுதல் இல்லாவிட்டால் ஆடம்ஸ் ஜெயித்திருப்பார் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் வர்ஜீனியாவில் கேப்ரியல் என்ற அடிமை திட்டமிட்ட கிளர்ச்சி முன்கூட்டியே அம்பலமானது. ஹெய்ட்டியின் நெருப்பு நம் வீட்டுக் கூரைக்கு வந்துவிட்டது என்று பண்ணையார்கள் நினைத்தார்கள். 1806இல் ஹெய்ட்டியோடு வணிகத்தையே தடை செய்யும் சட்டம் வந்தது.

இதில் வயிற்றெரிச்சலான சங்கதி ஒன்று. நெப்போலியன் தீவை மீட்க லெக்லெர்க் தலைமையில் அனுப்பிய பெரும்படை, ஹெய்ட்டியர்களின் எதிர்ப்பாலும் மஞ்சள் காய்ச்சலாலும் அழிந்தது. தீவு போனபின் லூசியானாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நெப்போலியன் 1803இல் அதை 1.5 கோடி டாலருக்கு விற்றார். ஏறத்தாழ 8,28,000 சதுர மைல். அமெரிக்காவின் பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பானது. ஹெய்ட்டியர்கள் செத்து வாங்கிக் கொடுத்த நிலம் என்றுகூடச் சொல்லலாம். மூன்றே வருஷத்தில் கிடைத்த நன்றி, வணிகத் தடை. வாங்கிய நிலத்தின் தென்பகுதியில் கரும்பும் பருத்தியும் அடிமைகளும் பெருகினார்கள்.

தடைச் சட்டம் பிறகு காலாவதியானது; வணிகம் தொடர்ந்தது. ஹெய்ட்டித் துறைமுகங்களில் அமெரிக்காவின் வணிக முகவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தூதர் மட்டும் கிடையாது. "எல்லாம் வியாபாரக் கணக்குதான்" என்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: வியாபாரம் அந்த 58 ஆண்டில் பெரும்பாலும் இருந்ததே, பிறகு ஏன் அங்கீகாரம் வரவில்லை? 1822இல் கொலம்பியா, மெக்சிகோ என்று ஸ்பானிய அமெரிக்க நாடுகளை வரிசையாக அங்கீகரித்தபோதுகூட ஹெய்ட்டியின் பெயரை எடுக்கவில்லை. 1826இல் தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவார் கூட்டிய பனாமா மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்புவதா வேண்டாமா என்று காங்கிரஸின் மேலவையான செனட்டில் விவாதம் வந்தது. தென் கரோலினாவின் ராபர்ட் ஹேன், ஹெய்ட்டியின் விடுதலையை நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ள முடியாது என்று ஒளிவுமறைவில்லாமல் பேசினார். கடைசியில் அனுப்ப முடிவானது, ஆனால் போன இருவரில் ஒருவர் வழியிலேயே இறந்துபோனார், இன்னொருவர் போய்ச் சேர்வதற்குள் மாநாடு முடிந்துவிட்டது!

ஒப்பந்தம் எதுவானாலும் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். செனட்டில் பெரிய மாநிலம், சின்ன மாநிலம் எதுவானாலும் இரண்டே இடம். ஆக, ஒரு வட்டாரம் ஒன்றுபட்டு நின்றால் போதும், தான் விரும்பாத ஒப்பந்தத்தைத் தடுத்துவிடலாம். இதுபோக, பதவியில் இருக்கும்போதே அடிமைகளை வைத்திருந்த அதிபர்கள் 8 பேர்.

தெற்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1812இல் பிரிட்டன் மீது போர் அறிவித்தபோது வடகிழக்கின் நியூ இங்கிலாந்து மாநிலங்களின் ஆளுநர்கள் சிலர் தங்கள் படைகளை மத்திய அரசிடம் ஒப்படைக்க மறுத்தார்கள். 1814 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்டில் கூடி, சாசனத்தையே திருத்தச் சொல்லிக் கோரிக்கைப் பட்டியல் போட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வாஷிங்டன் போய்ச் சேரும் நேரத்தில் நியூ ஆர்லியன்ஸ் வெற்றிச் செய்தியும் சமாதானச் செய்தியும் வந்துவிட்டன. ஊரே சிரித்தது. அங்கே கூடியவர்களின் ஃபெடரலிஸ்ட் கட்சி அதற்குப் பிறகு தேசிய அளவில் எழுந்திருக்கவே இல்லை.

சரி, 1861க்கு வருவோம்.

தெற்கு மாநிலங்கள் பிரிந்து போயின. அவற்றின் செனட்டர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியேறினார்கள். வடக்கில் இதைத் துயரமாகப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்து வேறு கணக்குப் போட்டவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் மாசசூசெட்ஸின் சார்ல்ஸ் சம்னர். 1856இல் தென் கரோலினா உறுப்பினர் ஒருவர் செனட் அவையிலேயே கைத்தடியால் அடித்து வீழ்த்தினாரே, அதே சம்னர். இப்போது அவர் செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவர்.

1861 டிசம்பரில் லிங்கன் காங்கிரஸுக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியில், ஹெய்ட்டியையும் லைபீரியாவையும் இன்னும் அங்கீகரிக்காமல் இருக்க நல்ல காரணம் ஏதாவது இருந்தால் அது எனக்குப் புலப்படவில்லை என்றார். காரணம் அவருக்கு நன்றாகவே தெரியும். அந்தக் காரணம் பிரிந்துபோன தெற்கின் தலைநகரான ரிச்மண்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

மசோதா 1862இல் வந்தது. பிரிந்து போகாமல் வடக்கோடு யூனியனிலேயே தங்கிவிட்ட கென்டக்கியின் காரட் டேவிஸ் எதிர்த்தார். கறுப்பினத் தூதர் ஒருவர் வந்தால், அவரையும் அவர் மனைவி மகள்களையும் வெள்ளைத் தூதர்களுக்குச் சமமாக விருந்துகளில் வரவேற்க வேண்டி வருமே என்பது அவருடைய கவலை. நாட்டில் உள்நாட்டுப் போர், ஆயிரக்கணக்கில் பிணங்கள் விழுகின்றன, இவருக்குப் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற கவலை! செனட்டில் 32க்கு 7, பிரதிநிதிகள் சபையில் 86க்கு 37. ஜூன் 5 அன்று லிங்கன் கையெழுத்துப் போட்டார்.

அதே ஆண்டு ஏப்ரலில் இன்னொன்றும் நடந்திருந்தது. அடிமைகளைக் கடத்தும் கப்பல் என்று சந்தேகப்பட்டால் பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலிலும் ஏறிச் சோதிக்கலாம் என்று லயன்ஸ்–சீவர்ட் ஒப்பந்தம் கையெழுத்தானது. பல பத்தாண்டுகளாக "எங்கள் கொடியின் மானம்" என்று சொல்லி அமெரிக்கா மறுத்துவந்த விஷயம். அந்தக் கொடியைப் போர்த்திக்கொண்டு எத்தனை கப்பல்கள் ஆட்களைக் கடத்தினவோ. போர் நடக்கும்போது பிரிட்டனைத் தெற்கின் பக்கம் சாயவிடாமல் பிடித்துவைக்க வேண்டியிருந்தது, எதிர்த்துக் கத்த ஆளும் இல்லை. மானம் ஒரு மாதத்தில் தீர்ந்துபோனது.

லிங்கனைக் கோயில் கட்டிக் கும்பிட இதை எழுதவில்லை. அதே லிங்கன் அரசின் ஆதரவோடுதான் விடுதலையான கறுப்பினத்தவர் நானூற்றுச் சொச்சம் பேரை 1863இல் ஹெய்ட்டியை ஒட்டிய ஈல்-ஆ-வாஷ் என்ற தீவில் குடியேற்றும் திட்டம் நடந்தது. ஒப்பந்தக்காரர் சொன்ன வீடும் இல்லை, வசதியும் இல்லை. நோயிலும் பட்டினியிலும் பலர் செத்தார்கள். மிஞ்சியவர்களை 1864இல் கப்பல் அனுப்பித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஹெய்ட்டியை அங்கீகரித்ததில் இந்த "அங்கே அனுப்பிவிடலாம்" என்ற எண்ணமும் கொஞ்சம் கலந்திருந்தது.

பிரிந்துபோன தெற்கும் ஒரு வெளியுறவுக் கொள்கை வைத்திருந்தது. பருத்திதான் அது. தென் கரோலினாவின் ஹாமண்ட் 1858இல் செனட்டில் "பருத்தியே அரசன்" என்று முழங்கியிருந்தார். பருத்தியை நிறுத்தினால் லங்காஷயர் ஆலைகள் மூடும், பிரிட்டன் ஓடி வரும் என்பது கணக்கு. ஆலைகள் மூடத்தான் செய்தன. பிரிட்டன் வரவில்லை, எகிப்துப் பருத்தியையும் இந்தியப் பருத்தியையும் தேடிப் போனது. பம்பாயில் பணம் கொட்டி, பங்குச் சூதாட்டம் தலைக்கேறி, 1865இல் போர் முடிந்ததும் எல்லாம் சரிந்தது. நம் திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கும் அப்போது மவுசு கூடியது. இன்னொரு சின்னத் தகவல்: பிரிட்டனில் கட்டப்பட்ட தெற்கின் வேட்டைக்கப்பல் 'அலபாமா', 1864 ஜனவரியில் மலபார் கரையோரம் வடக்கின் கப்பல் ஒன்றை எரித்துவிட்டு, பிடிபட்டவர்களை அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போனது. நம் கன்னியாகுமரிக்குக் கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது, ஆனால் அப்படியொன்றும் தொலைவில்லை.

காரட் டேவிஸ் பயந்தபடி ஹெய்ட்டியின் பிரதிநிதி 1863இல் வாஷிங்டன் வந்தார். வானம் இடிந்து விழவில்லை. 1869இல் அதிபர் கிராண்ட், ஹெய்ட்டிக்கான அமெரிக்கத் தூதராக எபனேசர் பாசெட்டை நியமித்தார். கனெக்டிகட்டில் பிறந்தவர், பிலடெல்பியாவில் கறுப்பின மாணவர்களுக்கான பள்ளியின் முதல்வர். அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் கறுப்பினத் தூதர். 1875இல் ஹெய்ட்டி அரசு வேட்டையாடிய புவாரோன்-கனால் என்ற தளபதி தப்பி ஓடி வந்து பாசெட் வீட்டில் அடைக்கலம் கேட்டார். வீட்டைச் சுற்றி ஆயுதம் தாங்கிய ஆயிரம் பேர். ஆளை வெளியே அனுப்பிவிடு என்று வாஷிங்டனிலிருந்து அவருடைய மேலிடமே நெருக்கியது. ஐந்து மாதம் பாசெட் ஆளை விட்டுக்கொடுக்கவில்லை. பாதுகாப்பாகக் கப்பலேற்றி அனுப்பியபிறகுதான் ஓய்ந்தார். மறு ஆண்டே புவாரோன்-கனால் திரும்பி வந்து ஹெய்ட்டியின் அதிபரானார்.