நாலு எழுத்து உளுந்துக்கு ஏழு கட்டமா?

ஒரே ஒரு கோட்டுப் படம். உளுந்துக்கு ஒரு கோடு, துவரைக்கு ஒரு கோடு, கீழே மாதங்கள். அவ்வளவுதான். நேற்று ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது மணி ஒன்றரை. வயிறு எரிகிறது.

பருப்பு விலையெல்லாம் சர்வரில் இருக்கிறது. எஸ்எஸ்எச் வழியாக, அதாவது என் லேப்டாப்பிலிருந்தே அந்த சர்வருக்குள் நுழைந்து ஸ்கிரிப்டை ஓட்டினால், இந்த பேக்கெண்டில் (படத்தை வெளியிடும் பகுதியில்) படத்தைக் காட்ட முடியாது என்கிறது மேட்பிளாட்லிப். பைத்தான் மொழியில் படம் வரைவதற்கென்றே 2003-இலிருந்து இருக்கிற பேக்கேஜ்! பிஎன்ஜி ஆகச் சேமித்து, லேப்டாப்புக்கு இறக்கித்தான் பார்க்க வேண்டும். கோட்டின் நிறத்தை மாற்றினால் மறுபடி ஓட்டு, மறுபடி இறக்கு. யாங்கோன் இன்டர்நெட்டில் இதைப் பதினைந்து தடவை செய்தேன்.

சரி என்று, நிரலைச் செல் செல்லாகப் பிரித்து ஓட்டி விடையைப் பிரவுசரில் அங்கேயே பார்க்கிற நோட்புக்குக்குப் போனேன். படம் வந்தது. பெரிதாக்கவோ நகர்த்தவோ முடியாது. அதற்கு இன்னொரு பேக்கேஜ் போட வேண்டுமாம். போகட்டும் என்று அடுத்த செல்லில் சேவ்ஃபிக் என்ற சேமிக்கும் கட்டளையைக் கொடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன்: “தம்பி, வெறும் வெள்ளையா வந்திருக்கேப்பா?” ஒரு செல் முடிந்ததும் நோட்புக் அந்தப் படத்தை மூடிவிடும். அடுத்த செல்லில் சேமித்தால் புதிதாக ஒரு வெற்றுப் படத்தைத் திறந்து அதைச் சேமிக்கும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். தமிழுக்குச் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ‘உளுந்து’ என்று போட்டேன். நாலு எழுத்துக்குப் பதில் ஏழு வெற்றுக் கட்டங்கள் வந்தன, துணைக்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் கட்டம். கூடவே, தமிழுக்கு இயல்பான ஆதரவு இல்லை என்று ஓர் எச்சரிக்கை. நோட்டோ தமிழ் எழுத்துருவைக் கொடுத்தேன். கட்டம் போனது, எழுத்து உடைந்தது. ‘துவரை’யில் ரகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய சங்கிலிக் கொம்பு பின்னால் தொங்குகிறது. உகரக் குறி தகரத்தோடு சேராமல் தனியாகக் கிடக்கிறது. அதே நோட்புக்கில், படத்துக்கு மேலே நான் தட்டிய தலைப்பில் ‘துவரை’ ஒழுங்காக நிற்கிறது! அங்கே பிரவுசர் எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கிறது. இரண்டு அங்குலம் கீழே, என்னிடம் இருக்கிற பதிப்பில், இந்தப் பேக்கேஜ் குறியீடுகளை வந்த வரிசையில் கொட்டிவிடுகிறது. மாதப் பெயர்களைப் பர்மிய மொழியில் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் முன்னால் வர வேண்டிய குறி பின்னால்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் வகுப்பில் உட்கார்ந்து இந்தக் கொம்புகளை எழுதிப் பழகிய பர்மாத் தமிழர்கள் நாங்கள். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத தமிழை அப்படித்தான் காப்பாற்றி வைத்திருக்கிறோம். அதை ஒரு படத்தின் ஓரத்தில் ஒழுங்காக எழுதித் தரக்கூடாதா?

கடைசியில் பெயர்கள் இல்லாமல் பிரிண்ட் எடுத்து, பேனாவால் உளுந்து, துவரை என்று எழுதி, போனில் படம் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினேன். பாதி போவதற்குள் கரண்ட் போய்விட்டது. ஐயா, எங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் விடுவீர்கள் என்று ஒரு சீட்டாவது ஒட்டி வையுங்களேன்!