ஒரு லிட்டர் எத்தனாலும் நாற்பது முட்டையும்

நாமக்கல் பக்கம் எங்களுக்கு ஒரு லேயர் பண்ணை, அதாவது முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. பெரிசில்லை, பன்னிரண்டாயிரம் கோழி. தீவனத்துக்கு மக்காச்சோள லோடு வந்தால் அப்பா மூட்டையில் குத்தூசியைச் செருகி ஒரு கை எடுத்து, நாலு மணியைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். கடக்கென்று உடைந்தால் இறக்கச் சொல்வார், நசுங்கினால் ஈரம், லாரியைத் திருப்பிவிடுவார். 2024-ல் அவரால் அப்படித் திருப்பி அனுப்ப முடியவில்லை. இதை விட்டால் அடுத்த லோடு எப்போது, என்ன விலைக்கு வரும் என்று தெரியாது. வியாபாரி சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: "எத்தனால் ஆலைக்காரங்க அள்ளிட்டுப் போறாங்க."

பெட்ரோலில் எத்தனால் கலப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2003-ல் 5 சதவீதம் என்று ஆரம்பித்தபோது அது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வந்தது. நல்ல விஷயம். பத்து வருடம் கழித்தும் கலப்பு ஒன்றரை சதவீதத்தைத்தான் தொட்டிருந்தது. அப்புறம் ஒரே ஓட்டம்: 2022-ல் 10, 2025-ல் 20. இந்த 20-ஐ முதலில் 2030-க்குத்தான் வைத்திருந்தார்கள், ஐந்து வருடம் முன்னால் இழுத்துவிட்டார்கள். அவ்வளவுக்குக் கழிவுப்பாகு எங்கே போவது? 2023-ல் மழை ஏமாற்றியதும், சர்க்கரை விலை ஏறிவிடும் என்று அந்த டிசம்பரில் கரும்புச்சாற்றில் எத்தனால் எடுக்கத் தடை போட்டார்கள். சரி, நியாயம்தான். ஆனால் அந்தச் சுமை மக்காச்சோளத்தின் தலையில் வந்து இறங்கியது. 2024-ல் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டர் 71.86 ரூபாய், கழிவுப்பாகு எத்தனாலுக்கு 60 ரூபாய்கூட இல்லை என்றால் ஆலை எதன் பக்கம் போகும்? ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு மக்காச்சோளத்தை இறக்குமதி செய்ய ஆரம்பித்தது.

ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும், அதாவது லிட்டருக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல். முட்டைக்கோழி ஒரு நாளைக்குத் தின்பது 110 கிராம் தீவனம், அதில் பாதி மக்காச்சோளம். ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் போவது ஒரு கோழி ஒன்றரை மாதம் தின்னும் சோளம். அதைத் தின்று அது நாற்பது முட்டையாவது போட்டிருக்கும். அந்த ஒரு லிட்டரிலும் பெட்ரோலில் இருக்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது.

எத்தனால் எடுத்தபின் மிச்சமாகும் சக்கை தீவனமாகத் திரும்பி வருகிறதே என்பார்கள். வருகிறது, டிடிஜிஎஸ் என்று மூட்டை மூட்டையாக. ஆனால் மாவுச்சத்து முழுக்க ஆலையிலேயே போய்விடுகிறது, வருவது புரதம். சோயா பிண்ணாக்கைக் கொஞ்சம் குறைக்கலாம், மக்காச்சோளத்தின் இடத்தை அது நிரப்பாது. சோளத்தில் பூஞ்சை நச்சு இருந்திருந்தால் சக்கையில் அது மூன்று மடங்காகச் சேர்ந்துவிடும்.

விவசாயிக்கு விலை கிடைத்தது, அதை மறுக்க மாட்டேன். பெரம்பலூரில் என் மாமா மக்காச்சோளம்தான் போடுகிறார், அந்த வருடம் கடனை அடைத்தார். அவருக்கு நல்ல விலை கிடைக்கட்டும். ஆனால் தானியத்திலிருந்து எடுக்கும் எத்தனாலுக்கு வருடத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைக்க வேண்டும், விதைப்புக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் மாமாவும் அப்பாவும் கணக்குப் போட முடியும். பானிபட்டில் 2022-லேயே நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையைத் திறந்தார்கள். வயலில் எரித்துத் தள்ளும் வைக்கோல் அது. அந்த மாதிரி ஆலைகள் நாலு இடத்தில் வரும்வரை, முதலில் சொன்னபடி 2030 வரைக்கும் காத்திருந்திருக்கலாம்.